மூன்றாம் நாள் இறங்கும் அருள்

குளிர் இல்லை அம்மா. ஜன்னலைச் சாத்த வேண்டாம். வெளியே இப்படி வெயில் காய்கிறதே, இதில் அவனுக்கு எங்கே குளிரப்போகிறது? கை அப்படித்தான். காலையிலிருந்து கொஞ்சம் அதிகம். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பிடித்துக்கொண்டுதான் இருக்கிறான். பஸ்ஸே ஆடுகிறது, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். நீங்கள் கவனித்துவிட்டீர்கள்.

என் தம்பி. பூபாலன். மின்வாரியத்தில் லைன்மேன். இப்போது கம்பம் ஏற விடுவதில்லை, ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். காய்ச்சலா என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மதுரைக்குப் போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம் டைஃபாய்டு என்றுதான் சொன்னேன். ஆனால் நீங்கள் திருநெல்வேலி போகிறவர். நாங்கள் சாத்தூர் தாண்டியதும் இறங்கிவிடுவோம். இனி எங்கே பார்க்கப்போகிறோம்?

குடி அம்மா. வேறொன்றுமில்லை.

மெதுவாகவே பேசுகிறேன். அவன் தூங்குகிற மாதிரி இருப்பான், தூங்க மாட்டான்.

எனக்கும் அவனுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. அந்த வருஷம்தான் நான் பெண்கள் கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பத்தாறு வருஷம் அங்கே. எனக்கு அவன், அவனுக்கு நான். கல்யாணப் பேச்சு வந்தது, போனது, அதெல்லாம் இப்போது எதற்கு? அவனுக்குத்தான் நடத்திவைத்தேன். செண்பகம் என்று பெயர். கழுகுமலைப் பக்கம். கெட்டவள் இல்லை. பொறுமை கிடையாது. ஆறு வருஷம் இருந்தாள், பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகிறபோது அவனைத் திட்டவில்லை, என்னைத்தான் பார்த்துவிட்டுப் போனாள். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வைத்தியம் பார்க்கவில்லையா என்று கேட்கிறீர்களே, நான் பார்க்காத வைத்தியமா?

மேற்கே மலையடிவாரத்தில் ஒருவர் பொடி கொடுக்கிறார் என்றார்கள். குடிக்கிறவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலக்க வேண்டும். போனேன், வாங்கிவந்தேன், ரசத்தில் கலந்தேன். மூன்றாம் நாள் ரசம் வேண்டாம் என்றுவிட்டான். குடியை விடவில்லை அம்மா, ரசத்தை விட்டுவிட்டான். நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன், அப்போது.

பிறகு வேறு மாவட்டத்தில் ஓர் இல்லம். பெயர் சொல்ல வேண்டாம். உள்ளே போனதும் மொட்டை, கம்பிக்கதவு, மூன்று மாதம் முகம் பார்க்க விடமாட்டார்கள். திரும்பி வந்தவன் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றான். வந்த அன்றைக்கு என் கட்டில் ஓரம் உட்கார்ந்து அழுதான். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை. என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு மூடி கொடுத்தேன்.

ஆமாம், நான்தான். மருந்து மாதிரி. இருமல் மருந்துப் பாட்டிலின் மேல் ஒரு அளவுமூடி இருக்குமே, அதில். கடை வாசலில் வரிசையில் நின்று, குடித்துவிட்டு எங்கேயாவது விழுந்து கிடந்து, நாலு பேர் தூக்கிவந்து போடுவதற்கு, வீட்டில் மரியாதையாக அளந்து கொடுப்பது நல்லதில்லையா? கல்லூரிக் காவலாளி அருளப்பன் வாங்கிவருவார். பழுப்புத் தாளில் சுற்றி, நூலகத்துப் புத்தகத்துக்கு அட்டை போடுவோமே, அந்த மாதிரி மடித்துக் கொண்டுவருவார். பார்க்கிறவர்களுக்குப் புத்தகம்தான். எங்கள் வீட்டு ஆண்பிள்ளை கடை வாசலில் நின்றான் என்று ஊரில் ஒருவர் சொல்ல முடியாது. அளவைக் குறைத்துக் குறைத்து ஒரு நாள் ஒன்றுமில்லாமல் செய்துவிடலாம் என்பது என் கணக்கு. எட்டு வருஷமாகக் குறைத்துக்கொண்டு வருகிறேன். சில நாள் ஏறிவிடும். அது வேறு.

செண்பகம் ஆரம்பத்திலேயே ஒரு சீட்டு வாங்கிவந்தாள். எங்கேயோ ஒரு டாக்டரைப் பார்த்து, குடிநோய்க்குத் தனி வார்டு இருக்கிறது, சேர்த்துவிடலாம் என்று எழுதி வாங்கியிருந்தாள். கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அது. அப்போது அவன் வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள்தான். இதற்குப் போய் வார்டா, ஊரெல்லாம் தெரியவா என்று நான்தான் சீட்டை வாங்கி வைத்தேன். கிழிக்கவில்லை அம்மா. நான் தாளைக் கிழிக்கிறவள் இல்லை. ஒரு புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்தேன். எந்தப் புத்தகம் என்றுதான் மறந்துவிட்டது. நாற்பதாயிரம் புத்தகம் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் நான்.

இதற்கெல்லாம் நடுவில் எங்களுக்குக் கிடைத்த ஒரே வழி மாலைதான்.

உங்கள் வீட்டில் யாரும் மாலை போட்டதுண்டா? போட்டிருந்தால் தெரியும். கார்த்திகை முதல் தேதி விடியற்காலை குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, குருசாமி கையால் துளசிமணி மாலை விழுந்துவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து அவன் பூபாலன் இல்லை, சாமி. கூடக் குடித்தவனே எதிரில் வந்தால் 'சாமி சரணம்' என்று ஒதுங்கிப் போவான். நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு உள்ளே போகாது. மலையிறங்கி வருகிற வேன் எந்தக் கடையில் முதலில் நிற்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியும், அது இருக்கட்டும். நாற்பத்தெட்டு நாள், அம்மா. எந்த டாக்டர் அந்த நாற்பத்தெட்டு நாளை எனக்குக் கொடுத்தார்?

எனக்கு ஒரு யோசனை. கார்த்திகையில் ஐயப்பனுக்கு. தையில் முருகனுக்குப் பச்சை வேட்டி, பழனிக்கு நடை. ஆடியில் அம்மனுக்குச் சிவப்பு. நடுவில் இன்னும் ஒன்றிரண்டு சேர்த்தால் வருஷம் முழுக்க ஏதோ ஒரு சாமி அவனைப் பிடித்துக்கொண்டிருக்கும். அட்டவணை போட்டேன். கோடு இழுத்து, வண்ணப் பென்சிலால் நிறம் தீட்டி. பிச்சாண்டி குருசாமி அதைப் பார்த்துவிட்டு, இதை அச்சடித்துக் கொடுத்தால் பாதி ஊர் பிழைக்கும் மேடம் என்றார்.

முதல் இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது கார்த்திகை. அதற்குள் தினமும் வேண்டியிருந்தது அவனுக்கு. மாலை போட்டு மூன்றாம் நாள் பூஜையில் உட்கார்ந்திருக்கிறான், கை நடுங்க ஆரம்பித்தது. வேர்த்துக் கொட்டுகிறது. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டான். பேசினான். எங்களோடு இல்லை, அங்கே இல்லாத யாரோடோ. அப்புறம் உடம்பு வில்லாக வளைந்து தடாரென்று சாய்ந்தான், வாயில் நுரை. நான் அலறிவிட்டேன். பிச்சாண்டி குருசாமி என்னைத் தடுத்து, "தொடாதீங்க மேடம், அருள் எறங்கியிருக்கு" என்றார். மணி அடித்தார்கள். விபூதியை அள்ளிப் போட்டார்கள். சரணம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. நாக்கைக் கடித்திருந்தான்.

மறுநாளே வாசலில் ஆள் வந்துவிட்டது. குறி கேட்க. பக்கத்துத் தெரு ராக்காயி, பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள். அவன் அப்போதும் முழு நினைவில் இல்லை. சுவரைக் காட்டி, "எறும்பு வருது, சாரை சாரையா வருது" என்றான். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டுச் சனம் சாரை சாரையாக வருமாம். தையில் அந்தக் கல்யாணம் நடந்தேவிட்டது, அதைச் சொல்ல வேண்டும். முதல் தாம்பூலம் எங்கள் வீட்டுக்குத்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கார்த்திகையும் மூன்றாம் நாள் கூட்டம். எலுமிச்சம்பழம் கூடைகூடையாக வரும். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சொல்வதை வந்தவர்களுக்கு விளங்குகிற மாதிரி எடுத்துச் சொல்வேன். அவன் பாதிச் சொல்லை விழுங்கிவிடுவான், யாராவது சேர்த்துச் சொல்லத்தானே வேண்டும்? முப்பத்தாறு வருஷம் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். யாரும் எங்கள் வாசலில் கைகூப்பி நின்றதில்லை.

போன கார்த்திகை இரண்டு தடவை விழுந்தான். இரண்டாவது தடவை அம்மிக்கல்லில். புருவத்துக்கு மேலே பார்த்தீர்களா, அந்தத் தழும்பு. எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவனை மதுரைக்குக் கூட்டிப்போகலாம் என்று முடிவு செய்ய அதற்கப்புறமும் பத்து மாதம் ஆனது. பயத்துக்கும் பழகிவிடுகிறோம்.

மதுரையில் அந்த டாக்டர் நிதானமானவர். என்னை உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார், அருளையும் சேர்த்து. சிரிக்கவில்லை. தினமும் குடிக்கிறவர் மருந்து இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் இரண்டாம் நாள் மூன்றாம் நாள் மூளை கொதித்துப்போகும் என்றார். நடுக்கம், இல்லாத எறும்பு தெரிவது, வலிப்பு, எல்லாம் அதுதானாம். குடியை நிறுத்தியது நல்லது, நிறுத்திய விதம்தான் ஆபத்து என்றார். இத்தனை தடவை விழுந்து எழுந்தது இவர் அதிர்ஷ்டம், அடுத்த தடவை எழுந்திருக்கவில்லை என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றார். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று நினைக்காதீர்கள். நான் எம்.ஏ. படித்தவள். அன்றைக்கே நன்றாகப் புரிந்தது. ஆனால் அந்த நாற்பத்தெட்டு நாள் அவன் குடிக்கவில்லை என்பதும் உண்மைதானே? ஒரு உண்மை வந்தால் இன்னொரு உண்மை எழுந்து போய்விடுமா?

இன்னொன்றும் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டு, எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க ஊர் ஆஸ்பத்திரியிலயே இந்த வார்டு இருக்கேம்மா. பன்னெண்டு வருஷமா இருக்கு. இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க?" என்றார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி எங்கே தெரியுமா? என் நூலகத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம். என் மேஜையிலிருந்து பார்த்தால் அதன் வேப்பமரம் தெரியும். மரத்தடியில் காத்திருக்கிற பெண்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். கண் வைத்தியத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வேன். தெரியாதென்று சொன்னேன் டாக்டரிடம். தெரிந்திருந்தாலும் அங்கே எப்படி அம்மா போவது? வெளியே வந்தால் எதிரில் நிற்பது என் மாணவிகள்.

சரி, படுக்கை கிடைத்தது. இன்றோடு ஐந்து நாள். முதல் நாள் முழுக்கத் தூங்கினான். மாத்திரை கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்களாம். இரண்டாம் நாள் கஞ்சி குடித்தான். மூன்றாம் நாள், நான் பயந்துகொண்டே இருந்த மூன்றாம் நாள், ஒன்றும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். எறும்பு இல்லை, எதுவும் இல்லை. எனக்கு அது என்னவோ போல இருந்தது, எப்படிச் சொல்ல? கூட்டம் வராத கோயில் மாதிரி.

நேற்றுக் காலையில் பார்க்கிறேன், வார்டில் ஒரு ஃபேன் ஓடாமல் இருந்தது, நர்ஸம்மாவிடம் டெஸ்டர் வாங்கி ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். சின்னத் திருகாணி. கை அசையாமல் பிடித்திருந்தான். ஃபேன் ஓடியதும் எல்லாரும் கைதட்டினார்கள். நோயாளியை வேலை வாங்குகிறார்களே என்று எனக்குக் கோபம். அவன் சிரித்தான். "அக்கா, இங்க தூக்கம் வருதுக்கா" என்றான். வீட்டில் தூக்கம் வராதது மாதிரி.

அதோடு விட்டிருந்தால் இருந்திருப்பேன். அவர்கள் சொன்ன இருபத்தொரு நாளும் இருந்திருப்பேன், சத்தியமாக.

நேற்று மத்தியானம் குடும்பத்தார் கூட்டம் என்றார்கள். வட்டமாக நாற்காலி. ஆலோசகர் என்று ஒரு பெண், ஆக்னஸ். என் மாணவியாக இருந்திருக்க வேண்டிய வயது. ஒவ்வொருவரும் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டுமாம், குடிக்கிறவரும் கூடவே உட்கார்ந்திருப்பார். ஒருத்தி அழுதாள். ஒருவர், மகனை அடித்தேன் என்றார். என் முறை வந்தது. நன்றாகத்தான் பேசினேன். அம்மா இல்லாத பிள்ளை, சேர்க்கை சரியில்லை, கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்கள், மனைவி விட்டுப் போய்விட்டாள் என்று. அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்து, "இப்போ தெனமும் அவருக்கு எப்படிம்மா கெடைக்குது?" என்று கேட்டாள். கூட்டாளிகள்தான் என்றேன்.

பூபாலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் என் பேச்சுக்கு ஒரு மறுபேச்சு பேசினவன் இல்லை. "எனக்குக் கூட்டாளியே கெடையாதுக்கா. நீதான வாங்கித் தார" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வோமே, அப்படி.

யாராவது திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு எதையோ எழுதினாள். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், வாழைக்காய் மண்டியில் கூலிக்குப் போகிறவள், என் கையைப் பிடித்து, "நானுந்தாங்க்கா வாங்கிக் குடுப்பேன். அடி தாங்காம குடுப்பேன்" என்றாள். அவளும் நானும் ஒன்றா அம்மா? அவள் அடிக்குப் பயந்து கொடுத்தாள். நான் அளந்து கொடுத்தேன்.

நாளைக்கும் கூட்டம் உண்டு, அக்கா தனியாக வந்து என்னிடம் பேசட்டும் என்றாள் அந்தப் பெண். வைத்தியம் அவனுக்கா எனக்கா? சாயந்திரம் பிச்சாண்டி குருசாமிக்குப் போன் போட்டேன். நாளை மறுநாள் கார்த்திகை ஒன்று, எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது, இந்த வருஷம் பூபாலன் சாமிக்கு ஆறாவது மாலை, ஜனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றார். நாளைதான் அது. காலையில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்துவிட்டேன். டாக்டரின் பேச்சுக்கு மாறாக, என் சொந்தப் பொறுப்பில் என்று ஒரு வரி எழுதச் சொன்னார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும். அழகாகவே எழுதிக் கொடுத்தேன்.

மாத்திரையா? இருக்கிறது, இதோ இந்தப் பையில். எந்த வேளைக்கு எத்தனை, எந்த நாளில் எத்தனை குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசி மாத்திரை வரைக்கும் நிறுத்தக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்கள். குருசாமியிடம் கேட்டேன். அதுவும் போதைதான் மேடம், போதையை உள்ளே வைத்துக்கொண்டு மாலை போட்டால் தோஷம் என்றார். நேற்று ராத்திரி நர்ஸம்மா என் கையில் தந்துவிட்டுப் போன வேளையையும் காலை வேளையையும் நான் கொடுக்கவில்லை. அதனால்தான் கை.

இப்போதே ஒன்று கொடுத்துவிடுங்கள் என்கிறீர்கள். தண்ணீர் பாட்டிலையும் நீட்டுகிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் இதையெல்லாம் நாலு நாள் கூட இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இருங்கள், கூப்பிடுகிறான். என்னடா? தண்ணீர் வேண்டுமா?

கேட்டீர்களா, என்ன சொல்கிறான் என்று? விருதுநகரில் பஸ் நின்றபோது ஒரு தடவை கேட்டான், இப்போது மறுபடி. "திரும்பிப் போயிருவமாக்கா? அந்தக் கட்டில் இன்னும் காலியாத்தான் இருக்கும்" என்கிறான். பொடிக்கும் அவனாக வரவில்லை, இல்லத்துக்கும் அவனாகப் போகவில்லை, மதுரைக்கும் நான்தான் இழுத்துப் போனேன். ஒரு நாளும் வாய் திறந்து எனக்கு வைத்தியம் வேண்டும் என்று கேட்டதில்லை அவன். இன்றைக்குக் கேட்கிறான் பாருங்கள், மாலைக்கு முந்தின நாள் பார்த்து.

நாளைக்கு மாலைடா. அது முடியட்டும். தையில் பார்க்கலாம். ஜன்னலில் சாய்ந்துகொள்.

சொன்னால் கேட்டுக்கொள்வான். பாருங்கள், சாய்ந்துவிட்டான். என் பேச்சைத் தட்ட மாட்டான். நேற்று அந்த ஒரு தடவைதான்.

நாளைக்குக் காலை ஐந்து மணிக்குக் கோயில். குளத்துத் தண்ணீர் சில்லென்று இருக்கும். நாளை, நாளை மறுநாள், அதற்கடுத்த நாள். மூன்றாம் நாள் வியாழக்கிழமை வருகிறது. அம்மிக்கல்லை இந்தத் தடவை கொல்லைப்பக்கம் எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். தரையில் ஜமுக்காளம் நாலாக மடித்து விரித்துவிடலாம். டாக்டர் சொன்னாரே, அடுத்த தடவை எழுந்திருக்காவிட்டால் என்று, அது எனக்கு மறந்துவிடவில்லை. பஸ் ஏறியதிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டு வருகிறேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு பேசினேன் போலிருக்கிறது.

இதோ எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது. கண்டக்டர், கொஞ்சம் நிறுத்தி இறக்குங்கள், ஆள் முடியாதவர்.

எழுந்திருடா. காலை ஊன்று. ஊன்று.

அம்மா, ஒரு உதவி. கால் நிற்கவில்லை அவனுக்கு. அந்தப் பக்கக் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா, படி இறங்குகிற வரைக்கும்? இறுக்கிப் பிடிக்க வேண்டாம், சும்மா பிடித்தால் போதும். இந்தக் கையை நான் பார்த்துக்கொள்கிறேன். அவனுக்கு ஏழு வயதிலிருந்து பிடித்த கை அம்மா. ஒரு நாள்கூட நான் விட்டதில்லை.